சானுகி உடோன் கடையில் என்ன கேட்டு வாங்குவது?

கேள்வி: அலுவலக வேலையாக ஒசாகாவுக்கு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். கூட வேலை செய்பவர்கள் எல்லாரும், "உடோன் சாப்பிடுவதென்றால் ககாவா போய்ச் சாப்பிடுங்கள்" என்கிறார்கள். ஒசாகாவில் சில கடைகளில் உடோன் சாப்பிட்டுப் பார்த்தேன். நூடுல்ஸ் மெத்தென்று இருந்தது, சாறும் நன்றாக இருந்தது. ஆனால் இதற்காகக் கடல் தாண்டிப் போய் வரிசையில் நிற்க வேண்டுமா என்பதுதான் புரியவில்லை. கையால் செய்தால் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும்? அந்தக் கடைகளில் எப்படிக் கேட்டு வாங்குவது? அப்பா மீன் சாப்பிடுவார். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். அவர் சாப்பிட அங்கே ஏதாவது கிடைக்குமா? ஊர் திரும்பிய பிறகு வீட்டில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

— ஒரு வாசகர், ஒசாகா

பதில்: அவசியம் போங்கள், பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஷின்-ஒசாகாவில் ஷிங்கன்சென் ஏறி ஒகயாமாவில் இறங்குங்கள். அங்கே 'மரைன் லைனர்' ரயிலுக்கு மாறினால், 1988-இல் திறக்கப்பட்ட செட்டோ பெரும்பாலத்தின் வழியாகக் கடலைக் கடந்து சுமார் ஒரு மணி நேரத்தில் தகாமட்சு வந்துவிடும். அதுதான் ககாவா மாகாணத்தின் தலைநகர். சானுகி என்பது அந்தப் பகுதியின் பழைய பெயர். அதனால்தான் அந்த ஊர் உடோனுக்கு சானுகி உடோன் என்று பெயர்.

ஒசாகாவில் நீங்கள் சாப்பிட்டது மட்டமான உடோன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒசாகாக்காரர்களுக்குச் சாறுதான் முக்கியம். கொம்பு என்னும் கடற்பாசியை ஊறவைத்து எடுக்கும் இதமான சாற்றை உறிஞ்சிக்கொள்ள மென்மையான நூடுல்ஸ்தான் ஏற்றது என்பது அவர்கள் கட்சி. இனிப்பாக வேகவைத்த டோஃபு வறுவலை மேலே வைத்துத் தரும் கிட்சுனே உடோன் அந்த ஊர்ச் சொத்து. ககாவாவில் நிலைமை தலைகீழ். அங்கே நூடுல்ஸ்தான் சாப்பாடு, சாறு அதற்குத் துணை. அங்கே போய் ஒசாகாவின் ருசியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சுவை எங்கே இருக்கிறது?

ககாவா மக்கள் உடோனில் தேடுவது 'கோஷி'. பல்லில் பட்டதும் முதலில் இணங்கி, அழுத்த அழுத்த எதிர்த்து, கடைசியில் நறுக்கென்று விடுபடும் தன்மை அது. விறைப்பு வேறு, கோஷி வேறு. வேகாத நூடுல்ஸும் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதில் கோஷி கிடையாது.

கோஷி எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். உடோன் பருமனான நூடுல்ஸ். கொதிநீரில் 12 முதல் 15 நிமிடம் வேகும். கொப்பரையிலிருந்து எடுக்கும் நேரத்தில் அதன் மேற்பரப்பில் ஈரம் சுமார் 80 சதவீதமும் நடுப்பகுதியில் சுமார் 50 சதவீதமும் இருக்கும். வெளியே வழுவழுப்பு, உள்ளே இறுக்கம். இந்த ஏற்றத்தாழ்வுதான் கோஷி. எடுத்த கணத்திலிருந்தே வெளியில் உள்ள ஈரம் உள்ளே இறங்கத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் ஏறக்குறைய சமமாகி, நூடுல்ஸ் முழுவதும் ஒரே பதத்துக்கு வந்துவிடும். மாவு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பிசைந்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அதற்குப் பிறகு அந்த உடோனைக் காப்பாற்ற முடியாது.

வரிசையில் நிற்க வேண்டுமா என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். கூட்டம் குறையாத கடையில் ஒரு கொப்பரை நூடுல்ஸ் எடுத்தவுடன் தீர்ந்துவிடுகிறது, அடுத்தது உடனே உள்ளே போகிறது. யார் எப்போது போனாலும் அப்போது எடுத்த நூடுல்ஸ்தான் கிண்ணத்தில் விழும். வரிசை நீளமாக இருப்பதே சுவைக்கு ஓர் உத்தரவாதம். புகழ்பெற்ற கடையென்றாலும் ஆளில்லாத பிற்பகலில் போனால், எடுத்து வைத்த நூடுல்ஸ் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

கையும் காலும்

உடோனுக்கு மூன்றே பொருள்கள்தான்: கோதுமை மாவு, தண்ணீர், உப்பு. முட்டையும் இல்லை, எண்ணெயும் இல்லை. மூன்றே பொருள் என்பதால் செய்முறையில் எங்கே சறுக்கினாலும் தெரிந்துவிடும்.

உப்பு ருசிக்காக மட்டும் சேர்ப்பதில்லை. மாவிலுள்ள புரதப் பின்னலை அது இறுக்குகிறது. கோடையில் மாவு தளர்ந்துபோகும் என்பதால் உப்பைக் கூட்ட வேண்டும், குளிரில் குறைக்க வேண்டும். ஒரு பங்கு உப்புக்குக் கோடையில் மூன்று பங்கு தண்ணீர், கடுங்குளிரில் ஆறு பங்கு, மற்ற காலங்களில் ஐந்து பங்கு என்று சானுகியில் ஒரு பழைய கணக்கு உண்டு. இப்போதைய கடைகள் உப்பைக் குறைத்துக்கொண்டாலும், பருவம் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் ஒழுங்கு மாறவில்லை. வேகும்போது இந்த உப்பின் பெரும்பகுதி கொதிநீரில் இறங்கிவிடும் என்பதால் கரிக்குமோ என்று அஞ்ச வேண்டாம்.

தண்ணீர் குறைவாகச் சேர்ப்பதால் மாவு கெட்டியாக இருக்கும், கையால் பிசைந்து மாளாது. ஆகவே பிளாஸ்டிக் உறையில் வைத்துக் காலால் மிதிக்கிறார்கள். உடம்பின் பாரம் முழுவதும் சீராக இறங்க, புரதப் பின்னல் அறுந்துவிடாமல் அடுக்கடுக்காகப் படிகிறது. மிதித்து, மடித்து, மறுபடியும் மிதித்து, ஊறவைக்கிறார்கள். நம் பரோட்டா மாஸ்டர் மாவை ஊறவிட்டுத்தான் வீச எடுப்பார், இங்கேயும் அந்தப் பொறுமைதான் வேலை செய்கிறது. ஊறியதை நீளக் கட்டையால் தேய்த்து, மடித்து, அகலக் கத்தியால் அறுக்கிறார்கள். அறுத்த நூடுல்ஸின் ஓரங்கள் கூராக நிற்பது நல்ல உடோனுக்கு அடையாளம்.

இதற்கு வரையறையும் உண்டு. பொட்டலத்தில் 'அசல் சானுகி உடோன்' என்று அச்சிட்டு விற்க வேண்டுமானால், அது ககாவாவிலேயே கையால் அல்லது கைமுறையை ஒட்டிச் செய்ததாக இருக்க வேண்டும். மாவின் எடையில் தண்ணீர் 40 சதவீதத்துக்கும் உப்பு 3 சதவீதத்துக்கும் குறையக்கூடாது. இரண்டு மணி நேரமாவது ஊறியிருக்க வேண்டும்.

பெயர்பெற்ற பல கடைகளும் பிசையவோ அறுக்கவோ இயந்திரத்தின் உதவியை எடுத்துக்கொள்கின்றன. அதனால் தரம் கெட்டுவிடுவதில்லை. அன்றைய வெயிலையும் ஈரத்தையும் பார்த்து உப்பை முடிவு செய்வது, மாவு ஊறிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பது, கொப்பரையருகே நின்று எடுக்கும் நேரத்தைக் கணிப்பது ஆகியவற்றை மனிதர் செய்கிறாரா என்று பாருங்கள். கைவேலை என்பதன் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ககாவாவில் ஏன்?

ஜப்பானின் 47 மாகாணங்களில் பரப்பளவில் மிகச் சிறியது ககாவா. வடக்கிலும் தெற்கிலும் மலைத்தொடர்கள் மழைமேகத்தைத் தடுத்துவிடுவதால் மழை குறைவு, பெரிய ஆறுகளும் இல்லை. பாசனத்துக்காக வெட்டிய குளங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் புகழ்பெற்றது மன்னோ ஏரி. சானுகியில் பிறந்த பௌத்தத் துறவி கூகாய் 821-இல் அதன் கரையைச் சீரமைத்தார். சீனாவிலிருந்து உடோனைக் கொண்டுவந்தவரும் அவரே என்பது ஊர் வழக்கு. அதற்குச் சான்று கிடையாது. ஆனால் அந்த மாகாணத்துக் கொன்பிரா கோயில் திருவிழாவைத் தீட்டிய கென்ரோகு காலத்து (1688–1704) மடிப்புத் திரை ஓவியத்தில் உடோன் கடைகள் தெளிவாகவே இருக்கின்றன.

நெல்லுக்குத் தண்ணீர் போதாத அந்த மண்ணில் கோதுமை நன்றாக விளைந்தது. வெயில் மிகுந்த கடற்கரையில் உப்பு கிடைத்தது. எதிரே ஷோதோ தீவில் சுமார் 400 ஆண்டுகளாக சோயா சாஸ் காய்ச்சுகிறார்கள். மேற்கே இபுகி தீவில் நெத்திலி பிடிக்கிறார்கள். பிடித்த கையோடு வேகவைத்து உலர்த்தும் அந்த நெத்திலிக்கு இரிகோ என்று பெயர். தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு கொம்புவோடு சேர்த்துக் காய்ச்சினால் சானுகியின் சாறு தயார். அதைத்தான் தாஷி என்கிறார்கள். நெத்திலிக் கருவாட்டின் மணம் அறிந்த உங்கள் அப்பாவுக்கு முதல் வாயிலேயே அது பழகிவிடும்.

இன்று அங்கே புழங்கும் மாவில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் உடோனுக்கென்றே விளைவிக்கும் கோதுமையிலிருந்து வருகிறது. சொந்த மண்ணின் கோதுமை மறுபடியும் வேண்டும் என்று மாகாண அரசு 'சானுகியின் கனவு 2000' என்ற ரகத்தை உருவாக்கியது. பின்னர் அதைவிடத் தேறிய 2009 ரகமும் வந்தது. உள்ளூர்க் கோதுமை என்று எழுதியிருக்கும் கடை கண்ணில் பட்டால் ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பாருங்கள். கோதுமையின் மணம் தூக்கலாக இருக்கும்.

வரிசையில் நின்ற பிறகு

கடைகள் மூன்று வகை. மேசைக்கே கொண்டுவந்து தருபவை ஒன்று. நாமே தட்டு ஏந்திப் போய் வாங்குபவை இரண்டாவது. மூன்றாவது, நூடுல்ஸ் செய்து மொத்தமாக அனுப்பும் பட்டறையிலேயே ஓரமாக நாலு பேர் சாப்பிட இடம் விட்டிருப்பது. சகாய்தே நகரத்து ஹினோதே பட்டறை நண்பகலை ஒட்டி ஒரே ஒரு மணி நேரம்தான் சாப்பாட்டுக்குத் திறக்கும். பெற்றோரோடு போவதால் முதல் வேளைக்கு மேசைக்கடைக்கும், மறுநாள் தட்டேந்தும் கடைக்கும் போங்கள்.

தட்டேந்தும் கடையில் முதலில் அளவைச் சொல்ல வேண்டும். 'ஷோ' என்றால் ஓர் உருண்டை, 'சூ' என்றால் இரண்டு, 'தாய்' என்றால் மூன்று. ஷோவே வாங்குங்கள். பல கடைகளில் அது இன்றும் 300, 400 யென்னுக்குள் கிடைக்கும். ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் இரண்டு மூன்று கடைகளில் ஒவ்வொரு சின்னக் கிண்ணமாகச் சாப்பிடுவதே அந்த ஊர் வழக்கம். சில கடைகளில் நூடுல்ஸை வெறுமனே கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். கைப்பிடி வைத்த நீள வடிகட்டியில் அதை இட்டு, பக்கத்திலுள்ள கொதிநீரில் சில விநாடி முக்கி, நீரை நன்றாக உதறிவிட்டுக் கிண்ணத்தில் கவிழ்க்க வேண்டும். அடுத்து, மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா வரிசை. வேண்டியதை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்துவிட்டு, குழாயைத் திறந்து சாற்றைப் பிடித்துக்கொள்ளலாம். வெங்காயத்தாளும் துருவிய இஞ்சியும் மேசையிலேயே இருக்கும்.

இனி, எதைக் கேட்பது? முதல் கிண்ணம் 'காகே'. நூடுல்ஸ், சூடான சாறு, வேறொன்றும் கிடையாது. கடையின் கைத்திறன் ஒளிந்துகொள்ள இடமில்லாத பண்டம் அது. கோஷியை முழுதாக உணர வேண்டுமானால் குளிர்ந்த உடோன் கேளுங்கள். வெந்ததைக் குளிர்நீரில் அலசும்போது மேலுள்ள கஞ்சி நீங்கி நூடுல்ஸ் இறுகிவிடும். 'ஹியா-ஆட்சு' என்று சொன்னால் குளிர்ந்த நூடுல்ஸில் சூடான சாற்றை ஊற்றித் தருவார்கள், இறுக்கமும் வெதுவெதுப்பும் சேர்ந்து வரும். இதற்கு நேர்மாறானது 'கமா-அகே'. கொப்பரையிலிருந்து அலசாமல் அப்படியே வெந்நீரோடு வரும் நூடுல்ஸை எடுத்துத் தனிக் கிண்ணத்திலுள்ள சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கோஷி குறையும், ஆனால் கோதுமையின் மணம் முழுதாக எழும். அதே சூட்டு நூடுல்ஸில் பச்சை முட்டையை உடைத்துக் கிளறினால் 'கமாதாமா'. அயகாவா ஊரின் யமாகோயே கடை அதற்குப் பேர்போனது. ஜப்பானில் முட்டையைப் பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே சுத்தம் செய்து விற்கிறார்கள். நம் ஊரில் அப்படி இல்லாததால் கமாதாமாவை அங்கேயே சாப்பிட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சும் ஓசையைக் கேட்டு அப்பா அம்மா முகம் சுளிக்க வேண்டாம். அங்கே அதுதான் முறை. காற்றோடு சேர்த்து இழுப்பதால் சூடு தணிகிறது, சாற்றின் மணம் மூக்குக்கும் போகிறது. பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், கிண்ணம் கைக்கு வந்ததும் சாப்பிடத் தொடங்குங்கள். முடித்ததும் கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் இடத்தில் வைத்து, 'கொச்சிசோசாமா' என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவரின் நூடுல்ஸும் நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை.

அம்மாவுக்கு

இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். உடோன் நூடுல்ஸ் சுத்த சைவம், ஆனால் சாறு எதுவும் சைவம் இல்லை. காகேயின் சாறு, குளிர்ந்த உடோனுக்குத் தரும் தொடுசாறு, மேசையில் இருக்கும் 'தாஷி ஷோயு' (தாஷி கலந்த சோயா சாஸ்) எல்லாவற்றிலும் மீன் உண்டு. டெம்புரா மாவில் பெரும்பாலும் முட்டை சேரும், காய்கறியையும் இறாலையும் ஒரே எண்ணெயில்தான் பொரிப்பார்கள். கிண்ணத்தில் தூவும் பொரித்த மாவுத் துணுக்குகளுக்கும் இது பொருந்தும். டோஃபு வறுவலுக்குள் சோற்றைப் பொதிந்து தரும் இனாரி சுஷியின் உறை மீன்சாற்றில் வெந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். பார்வைக்குச் சைவம் என்று எதையும் எடுத்துவிட வேண்டாம்.

அதற்காக அம்மா பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எதுவும் கலக்காத சோயா சாஸுக்கு 'கிஜோயு' என்று பெயர். அலசிய குளிர்ந்த உடோனில் அதைச் சில சொட்டு விட்டு, துருவிய முள்ளங்கி, இஞ்சி, வெங்காயத்தாள், எள் சேர்த்து, எலுமிச்சை போன்ற சுதாச்சிப் பழத்தைப் பிழிந்து சாப்பிடுவது சானுகியில் பழம்பெரும் முறை. சைவருக்காகக் குறைத்துச் செய்த பண்டம் இல்லை அது, நூடுல்ஸை விரும்பும் உள்ளூர்க்காரர்கள் தேடிப் போய்ச் சாப்பிடுவது. சூடாக வேண்டுமென்றால் கமா-அகே வாங்கி, தொடுசாற்றை ஒதுக்கிவிட்டு கிஜோயுவைத் தொட்டுக்கொள்ளலாம். "தாஷி நாஷி, கிஜோயு தே, ஒனெகாய்ஷிமாசு" என்று சொல்லுங்கள், தாஷி வேண்டாம், கிஜோயு போதும் என்று பொருள். உங்கள் அலுவலக நண்பரிடம் மீனும் முட்டையும் ஆகாது என்பதை ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கையில் வைத்திருப்பது இன்னும் நல்லது. கூட்டமில்லாத மேசைக்கடையில் அதைக் காட்டினால் நின்று படித்துப் பதில் சொல்வார்கள்.

ஊர் திரும்பிய பின்

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். மைதா 500 கிராம், தண்ணீர் 230 மில்லி, உப்பு 25 கிராம். உப்பைத் தண்ணீரில் முழுதும் கரைத்து, மாவில் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசிறுங்கள். உருட்டிக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே துணி விரித்து மிதியுங்கள். மடித்து மறுபடி மிதித்து, இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மாவு தூவி மடித்து, அதே அகலத்துக்கு அறுங்கள். பெரிய பாத்திரத்தில் உப்புப் போடாத தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு 12 நிமிடம் வேகவைத்து ஒன்றைக் கடித்துப் பாருங்கள். வெந்ததும் குளிர்நீரில் தேய்த்து அலசி, உடனே பரிமாறுங்கள்.

பயணத் திட்டத்துக்கு ஒரு வார்த்தை. பல நல்ல கடைகள் காலையில் திறந்து பிற்பகல் இரண்டு மணியளவில் மூடிவிடும். நூடுல்ஸ் தீர்ந்துவிட்டால் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே முதல் நாள் மாலையே தகாமட்சு போய்த் தங்கி, மறுநாள் காலைப் பலகாரத்தை உடோன் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒரு காகே, அம்மாவுக்கு ஒரு கிஜோயு, உங்களுக்கு ஒரு ஹியா-ஆட்சு. படம் எடுப்பதைக் கடைக்கு வெளியே வைத்துக்கொண்டு, கிண்ணம் வந்தவுடன் சாப்பிட்டுவிடுங்கள்.